மணி குறிக்காத அட்டவணை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு. வைத்தது யார் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. தட்டச்சுப் பிரிவிலிருந்துதான் அது கிளம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துக்குப் பக்கம் கீழே பொடி எழுத்தில் அவள் எழுதித் தள்ளும் குறிப்புகளை அடித்து அடித்து விரல் தேய்ந்தவர்கள் அவர்கள்தான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள், எந்தத் தேதியில் எண்ணினார்கள், எண்ணும்போது எதை விட்டுவிட்டார்கள் என்று கீழே எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இந்தம்மா தன் கல்யாணப் பத்திரிகைக்கே அடிக்குறிப்பு போட்டிருக்கும் என்று கேலி செய்வார்கள். அதெல்லாம் போடவில்லை. ஆனால் கிழமை தப்பாக அச்சாகிவிட்டது என்று அறுபது பத்திரிகைகளையும் உட்கார்ந்து பேனாவால் திருத்தினாள் என்பது உண்மை.

புள்ளியியல் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு தொலைபேசித் துறையில் சேர்ந்து, டிராஃபிக் பிரிவில் பதினோரு வருடம் இருந்தாள். பெயரைக் கேட்டுவிட்டு, அவள் நாற்சந்தியில் நின்று விசில் ஊதுகிறாள் என்று நினைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் உண்டு. அவள் எண்ணியது வண்டிகளை அல்ல, அழைப்புகளை. ஓர் எக்சேஞ்சுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நூறு இணைப்பு இருந்தால் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் பேச முடியும். நூற்றியோராவது ஆள் டயலைச் சுற்றிவிட்டு வெறும் 'டொய்ங் டொய்ங்' கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே ஒரு நாளில் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை இணைப்புகள் நிறைந்திருந்தன என்று பார்ப்பார்கள். அதற்கு பிஸி அவர் என்று பெயர். இருபத்து நான்கு மணி நேரத்தையும் எண்ணி, பெரிய எண்ணை மட்டும் எடுத்துப் படிவத்தில் எழுதுவார்கள். எந்த மணி என்று எழுத மாட்டார்கள். எழுதக் கட்டமே கிடையாது. அது காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்பது துறையில் கதவைத் திறந்துவிடுகிறவருக்குக்கூடத் தெரியும். கடைகள் திறந்து, அலுவலகங்களில் நாற்காலி சூடாகி, எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற நேரம் அது. முப்பது வருடமாக அப்படித்தான். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று யாராவது படிவத்தில் எழுதுவார்களா?

கணவரும் அதே துறையில் எக்சேஞ்ச் பொறியாளர். ஒரே துறையில் வேலை பார்ப்பவர்களைக் கட்டிவைத்தால் ஒரே ஊரில் இருப்பார்கள் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு அது. துறை வேறு கணக்குப் போட்டது. அவளை வடக்கே மாற்றினால் அவரைத் தெற்கே மாற்றியது. அவர் கெஞ்சிக் கூத்தாடி அவள் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த வாரத்தில் அவளுக்கு வேறோர் ஊருக்கு உத்தரவு வந்தது. இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. குழந்தைக்கு மூன்று வயதானபோது பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அது அவரைக் காட்டி, "இவங்க எங்க சனிக்கிழமை அப்பா" என்று அறிமுகம் செய்துவைத்தது. விருந்தாளி சிரித்தார். இவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் ஆணையம் வந்தது. அதுவரை விளையாடுகிறவரும் துறைதான், விசில் வைத்திருந்தவரும் துறைதான். தனியார் கம்பெனிகள் ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கியதும், கட்டணத்துக்கும் சண்டைக்கும் நியாயம் சொல்லத் தனியாக ஓர் அமைப்பு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். மூன்று மாடிக் கட்டடத்தில் பாதி அறைகளுக்கு நாற்காலி வரவில்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துறையிலிருந்து மூன்று வருடத்துக்கு அவளை இரவல் வாங்கினார்கள். கணவரின் எக்சேஞ்சும் அதே நகரத்தில்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரே அடுப்பு. மூன்று வருடம் முடியும்போது ஆணையமே அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டால், இனி மாற்றல் என்ற பேச்சே கிடையாது. எடுத்துக்கொள்ளாவிட்டால் துறைக்குத் திரும்ப வேண்டும், துறை கைகாட்டுகிற ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு கையெழுத்துதான்.

அந்தக் கையெழுத்து ஓர் அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இணையம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மோடம் கீச்சிட்டு, இரைந்து, தொண்டையைச் செருமி, ஒருவழியாக இணைப்புக் கிடைத்தால் ஆட்கள் அதை விடுவதில்லை. தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசுகிறவர்கள் இணையத்தில் மூன்று மணி நேரம் இருக்கிறார்கள், இவர்களால் இணைப்புகள் அடைபட்டுச் சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு வழியில்லாமல் போகிறது, ஆகவே இணைய எண்ணுக்குப் போகும் அழைப்புகளுக்கு இரட்டைக் கட்டணம் வேண்டும் என்று துறை மனுப் போட்டது. உண்மையிலேயே அடைபடுகிறதா என்று ஆராயச் சொல்லி ஆணையம் அந்த வேலையை அவள் தலையில் வைத்தது. அவள் பெயர் போட்டு வரப்போகிற முதல் அறிக்கை. அது ஒழுங்காக வந்தால் நிரந்தரம் தானாக நடக்கும் என்று ஆணையத்தின் இயக்குநர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு எக்சேஞ்சுகளுக்குப் படிவம் அனுப்பினாள். பேச்சு அழைப்புகளின் எண்ணைத் துறையின் வருடாந்திரப் பதிவேட்டிலிருந்து எடுத்தாள். இணைய அழைப்புகளை மட்டும் தனியாக எண்ணி அனுப்பச் சொன்னாள். நூறு இணைப்புக்குப் பேச்சு அறுபத்து நான்கு, இணையம் நாற்பத்தொன்று. கூட்டினால் நூற்றைந்து. நூறு இணைப்பில் நூற்றைந்து பேர் நுழைய முடியாது. துறை சொல்வது சரி. நாற்பத்திரண்டு பக்க அறிக்கை, எழுபத்து மூன்று அடிக்குறிப்பு. தன் கணவர் துறையில் வேலை பார்க்கிறார் என்பதைக்கூட மூன்றாம் பக்கத்தில் ஏழாவது குறிப்பாகப் போட்டிருந்தாள்.

அறிக்கை அச்சாகி வெளிவந்து ஒரு மாதத்தில் பொது விசாரணை. அன்று வியாழக்கிழமை. காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் கிளம்பினார்கள். கணவருடைய எக்சேஞ்ச்தான் பன்னிரண்டில் பெரியது என்பதால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு துறையின் வரிசையில் உட்கார அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மனுப் போட்ட தரப்பும் நியாயம் சொல்கிற தரப்பும் ஒரே வண்டியில் வந்து இறங்கினால் நன்றாக இருக்காது என்று, ஒரு தெருவுக்கு முன்னாலேயே அவளை இறக்கிவிட்டார். வழி முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. வண்டிச் சத்தத்தில் பேச முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விசாரணை மூன்றாவது மாடிக் கூடத்தில். இரண்டு நீள மேசை, நடுவில் அவ்வப்போது வீறிடும் ஒரு மைக். ஒரு பக்கம் துறையின் வழக்கறிஞர், பொது மேலாளர், அவர்களுக்குப் பின்னால் மூன்று பொறியாளர்கள். அவர்களில் ஒருவர் அவள் கணவர். எதிர்ப்பக்கம் ஆட்சேபணை சொல்ல வந்த பொதுமக்கள். ஆணையத்து ஊழியர்கள் சுவரோரம். ஊழியர்கள் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்பது அங்கே வழக்கம். தலைவர் உட்கார்ந்ததும், இன்றே நாலு மணிக்கு உத்தரவைச் சொல்லிவிடப் போவதாக அறிவித்தார். இழுத்தடிப்பது அவருக்குப் பிடிக்காது.

காலை முழுவதும் ஆட்சேபணைகள். ஒரு கல்லூரி ஆசிரியர் அறிவு, முன்னேற்றம் என்று அரை மணி நேரம் பேசி, மைக்கையே தூங்கவைத்துவிட்டார். கடைசியாக எழுந்தவர் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தார், பார்த்தார், மறுபடியும் பையிலேயே வைத்துவிட்டார்.

"ஐயா, இந்தப் புத்தகத்துல பிஸி அவர், பிஸி அவர்னு போட்டிருக்கு. என் கடைக்கு வந்து பாருங்க. காலையில பத்து மணிக்கு நான் ஈ ஓட்டிட்டு இருப்பேன். எல்லாரும் வேலை முடிச்சு, சாப்பிட்டுட்டு, அதுக்கப்புறம்தான் வருவாங்க. ராத்திரி பத்து மணிக்கு நிக்க இடம் இருக்காது. அந்த நேரத்துல உங்க ஆபீஸ் போனெல்லாம் தூங்கிட்டு இருக்கும். யாருக்கு நான் இடைஞ்சலா இருக்கேன்?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவரும் லேசாகச் சிரித்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளை, இரண்டரைக்குக் கூடுவோம் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். அவளுக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

அறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு படிவங்களையும் மேசையில் பரப்பினாள். நெரிசல் மணி அளவு: நாற்பத்து மூன்று. நெரிசல் மணி அளவு: முப்பத்தெட்டு. எந்த மணி என்று ஒன்றில்கூட இல்லை. இருக்காது. அந்தப் படிவத்தைத் தயாரித்ததே அவள்தான், பழைய படிவத்தைப் பார்த்து, பழைய கட்டங்களோடு. அறுபத்து நான்கு காலை பத்து மணியுடையது. இந்த நாற்பத்தொன்று இரவு பத்து மணியுடையதாக இருந்தால், பகல் ஷிப்டு ஆட்களையும் இரவு ஷிப்டு ஆட்களையும் ஒன்றாகக் கூட்டி, தொழிற்சாலையில் இடமில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஊரிலுள்ள எண்ணுக்கெல்லாம் ஆதாரம் கேட்ட அடிக்குறிப்பு, இந்த ஒன்றுக்குக் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஆனால் இன்னும் அது சந்தேகம்தான். மணிவாரியான தாள்கள் எக்சேஞ்சுகளில் இருக்கின்றன, அவை துறையின் சொத்து. உறுதியாகச் சொல்லக்கூடியவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். படியிறங்கிப் போனாள். கணவர் கேண்டீனுக்கு வெளியே குழாயடியில், டிபன் டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தார். காலையில் அவள்தான் இருவருக்கும் கட்டிக்கொடுத்தது. டப்பாவில் பாதிக்கு மேல் சாப்பாடு அப்படியே இருந்தது.

"உங்க எக்சேஞ்சுல நெட் காலுக்கு பிஸி அவர் எது?"

அவர் குழாயை மூடினார். கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சின்னக் கேள்விக்கு இவ்வளவு நேரம் எதற்கு?

"ராத்திரி பத்துலேருந்து பதினொண்ணு."

"மத்த எக்சேஞ்சுல?"

"எல்லாத்துலயும் அதேதான்."

"நான் கூட்டினது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சொன்னா அறிக்கை நிக்கும். அறிக்கை நின்னா உன் பர்மனென்ட் நிக்கும். மறுபடியும் நீ ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. உனக்காகத்தான் வாய மூடிட்டு இருந்தேன்."

"எனக்காகன்னா என்கிட்டதானே சொல்லியிருக்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து பொது மேலாளர் அவரைக் கூப்பிட்டார். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் குழாயடியிலேயே நின்றாள். நாலு மணிக்கு இன்னும் இரண்டே கால் மணி நேரம் இருந்தது.

இயக்குநர் நல்ல மனிதர். கெட்டவரிடம் போவதைவிட நல்லவரிடம் போவதுதான் சில சமயம் கஷ்டம். அவர் சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். வீட்டுக்காரர் குழாயடியில் சொன்னார் என்று உத்தரவில் எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு தலைவரின் மேசைக்குப் போயிருக்கிறது, திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும் என்றார். உத்தரவு இன்றைக்கு வரட்டும், ஆறு மாதத்தில் மறுஆய்வு என்று ஒன்று வரும், அப்போது பதமாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், யாருக்கும் நோகாது. அந்த ஆறு மாதத்தில் கடையை மூடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நான் சொல்றது உங்க நல்லதுக்குத்தான்."

ஒரு மணி நேரத்தில் இது இரண்டாவது ஆள். அவளுடைய நல்லதை ஊரே சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவளிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

இரண்டரைக்குக் கூடம் நிறைந்தது. துறையின் வழக்கறிஞர் எழுந்து அந்த அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டினார். இது எங்கள் அறிக்கை அல்ல, ஆணையத்தின் சொந்த அறிக்கை, ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரம் காட்டியிருக்கும் இப்படி ஓர் ஆய்வை நான் பார்த்ததில்லை என்று புகழ்ந்தார். பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து நூற்றைந்து, நூற்றைந்து என்று ஐந்தாறு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முள்ளில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எதிர்வரிசையில் கணவர் தலைகுனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிரவுசிங் சென்டர்காரர் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, நூற்றைந்து என்றால் என்ன என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பதுக்கு வழக்கறிஞர் உட்கார்ந்தார். தலைவர் முன்னால் ஏற்கெனவே தட்டச்சு செய்த இரண்டு தாள் இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி. யாரும் சொல்ல மாட்டார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும். சும்மா இருந்தால் போதும். இன்னும் இருபது நிமிடம். அப்புறம் திங்கட்கிழமை, கையெழுத்து, ஒரே வீடு, ஒரே அடுப்பு, பள்ளிக்கூட வாசலில் அப்பா. அவளுக்கு அந்த வீடு கண்ணெதிரே தெரிந்தது, துணி காயும் கொடி முதற்கொண்டு. அதை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை. எழுந்து நின்றாள்.

இயக்குநர் திரும்பி அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று. மைக்குக்கு நடந்து போனாள். அது வீறிட்டது. அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, பதினெட்டாம் பக்கத்து அட்டவணை நான் போட்டது. அதுல ரெண்டு எண்ணைக் கூட்டியிருக்கேன். அந்த ரெண்டும் ஒரே மணி நேரத்துல எடுத்ததான்னு நான் பார்க்கல. பார்க்காம கூட்டினது என் தப்பு. அந்த நூத்தஞ்ச நம்பி உத்தரவு போடாதீங்க."

கணவர் சொன்னதை அவள் சொல்லவில்லை. தனக்குத் தெரியாதது என்னவோ அதை மட்டும் சொன்னாள். அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவு கோபத்திலும்.

வழக்கறிஞர் எழுந்துவிட்டார். ஆணையம் தன் சொந்த அறிக்கையைக் கடைசி நிமிடத்தில் தானே கிழிப்பது விசித்திரம் என்றார். இரண்டும் ஒரே மணி நேரம் அல்ல என்பதற்கு இந்த அம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். எழுபத்து மூன்று குறிப்பு எழுதினவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் பொது மேலாளரைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், பிஸி அவர் எது என்று கேட்டார். பொது மேலாளர் உட்கார்ந்தபடியே சொன்னார், காலை பத்திலிருந்து பதினொன்று, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"இன்டர்நெட்டுக்கும் அதேதானா?"

"அதேதான் ஐயா."

அவர் தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலாளர்கள் மணிவாரித் தாளைப் பார்ப்பதில்லை. தலைவர் பேனாவை எடுத்தார். அவள் மைக் முன்னாலேயே நின்றாள், போய் உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கணவரை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும்.

நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"அதே நேரம் இல்லைங்க ஐயா. ராத்திரி பத்துலேருந்து பதினொண்ணு. பெரிய எக்சேஞ்ச் என் பொறுப்புல இருக்கு. மணிவாரித் தாள் என் பீரோவுல இருக்கு. காலை பத்து மணிக்கு நெட் காலு நூத்துக்கு ஒம்பதுதான்."

பொது மேலாளர் திரும்பிய வேகத்தில் மேசையிலிருந்த தண்ணீர் கவிழ்ந்தது. வழக்கறிஞர் அவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், நிமிர்ந்தார். இந்தப் பொறியாளர் அந்த அம்மாவுடைய கணவர், ஆகவே இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பில்லை என்றார். தலைவர் புருவத்தை உயர்த்தினார். இயக்குநர், பாவம், வாயைக் கட்டிக்கொள்ள முடியாமல், மூன்றாம் பக்கம் ஏழாவது குறிப்பில் அது இருக்கிறது ஐயா என்றார். தலைவர் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, அந்தப் பொறியாளரைக் கேட்டார், மனைவியைக் காப்பாற்றத்தான் இதைச் சொல்கிறீர்களா என்று.

கணவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேசிப் பழகாத மனிதர்.

"காப்பாத்தணும்னா நான் உக்காந்தே இருந்திருப்பேன் ஐயா. இத சொன்னதால அவங்களுக்கு இங்க வேலை நிக்காது. என்னையும் எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. எங்களுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. எங்களுக்கு லாபம் அவ்வளவுதான்."

தலைவர் அந்த இரண்டு தாளையும் நான்காக மடித்துக் கோப்புக்கு அடியில் வைத்தார். பன்னிரண்டு எக்சேஞ்சின் மணிவாரித் தாள்களும் ஒரு வாரத்தில் தன் மேசைக்கு வர வேண்டும் என்றார்.

வந்தன. காலை பத்து மணிக்குப் பேச்சும் இணையமும் சேர்ந்து எழுபத்து மூன்று. இரவு பத்து மணிக்கு ஐம்பத்து மூன்று. எந்த நேரத்திலும் யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. துறையின் மனு தள்ளுபடி ஆனது. பிரவுசிங் சென்டர்காரர் மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார் என்று பிற்பாடு தட்டச்சுப் பிரிவில் யாரோ சொன்னார்கள். அவளுடைய கோப்பும் தலைவர் மேசையிலிருந்து திரும்பி வந்தது. நேர்மையைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தார். ஐந்தாவது வரியில், சரிபார்க்காத அறிக்கையை வெளியிட்டவரை ஆணையம் நிரந்தரமாக ஏற்பது முன்மாதிரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அவளுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளே தலைவராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாள்.

விசாரணை நடந்த பத்தொன்பதாவது நாள், அவளுடைய மூன்று வருடமும் முடிகிற தறுவாயில், துறையிலிருந்து இரண்டு உத்தரவு ஒரே உறையில் வந்தது. அவளுக்கு ரயிலில் பதினான்கு மணி நேரத் தொலைவில் ஓர் ஊர். அவருக்கு எதிர்த்திசையில் பதினொரு மணி நேரம். பொது நலன் கருதி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சாமான் கட்டினார்கள். தட்டு, தம்ளர், வாளி எல்லாம் இரண்டு பங்கு. இந்த மூன்று வாரத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் மனசு அவர் பக்கம் இளகியிருந்தது. அந்தக் கூடத்தில் அவர் எழுந்து நின்றதை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அச்சான புத்தகம் வீட்டுக்கு வந்தபோது பார்த்திருப்பார், ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லித்தான் என்ன ஆகப் போகிறது என்று மென்று முழுங்கியிருப்பார் என்று அவளே அவருக்காக ஒரு சமாதானம் செய்துவைத்திருந்தாள். கயிற்றை இறுக்கிக்கொண்டே, அதை உறுதிப்படுத்திக்கொள்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அத நீங்க எப்ப பார்த்தீங்க? புத்தகம் வந்தப்பவா?"

அவர் வாளிக்குள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அதுக்கும் முன்னாடி. நீ இந்த மேசையில உக்காந்து பென்சில்ல போட்டுட்டு இருந்தியே, அப்பவே."

அவள் கயிற்றை விட்டுவிட்டாள். பென்சிலில். தட்டச்சுக்குப் போவதற்கு முன்னால், இயக்குநர் பார்ப்பதற்கு முன்னால், வேறு ஒரு கண் அதன் மேல் படுவதற்கு முன்னால். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறிக்கை இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கும். யாரும் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அது சரியான அறிக்கையாக வந்திருக்கும், அந்தக் கோப்பில் கையெழுத்தும் விழுந்திருக்கும்.

"ஒரு ரப்பர் போதுமே. அன்னிக்கு ஒரு ரப்பர் போதுமே."

"தெரியும். லேட்டானா உன்ன எடுக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். நாம பிரிஞ்சிடுவோமோன்னு பயந்துட்டேன்."

அவர் அழுதார். கல்யாணமாகி அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த வாளியைத் தூக்கி எறியவும் தோன்றியது.

உள்ளேயிருந்து மகள் தன் துணிகளை மார்போடு அள்ளிக்கொண்டு வந்தாள். அவள் யாருடன் போகிறாள் என்ற பேச்சை இருவரும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத எதுல வைக்கணும்?" என்று கேட்டாள்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் மகளின் கையிலிருந்து துணிகளை வாங்கி, ஒவ்வொன்றாக மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள்.